வளைவு தாண்டிய பிறகு தைலம் கேட்டவளுக்கு

அடியே,

இன்று காலை தானா ராத்தா பஸ் நிலையத்தில், பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்ததும் அந்த வாசனை. நான் சட்டென்று உன்னைத் தேடித் திரும்பினேன். அங்கே உன் மகள் நின்றுகொண்டிருந்தாள். அவளைக் கோலாலம்பூர் பஸ்ஸில் ஏற்றிவிடத்தான் போயிருந்தேன்.

நம் பள்ளி சாஃப்ட்பால் குழுவில் உன்னளவுக்கு மட்டை பிடிக்கத் தெரியாத ஆள் கிடையாது. ஆனாலும் டீச்சர் உன்னைத்தான் எனக்கு முன்னால் இறக்குவார். பந்து வரும் பாதையை ஒட்டிப் போய் நிற்பாய். முதுகில், தொடையில், எங்காவது படும். பந்து பட்டவள் முதல் பேஸுக்குச் சும்மாவே போகலாம் அல்லவா? "மட்டையால முடியல, முதுகால போறேன்லா" என்பாய். ஒதுங்கப் பார்க்காமல் நின்றால் செல்லாது என்று அம்பயர் கத்துவார். அதற்காகத் தோளை மட்டும் லேசாகத் திருப்புவாய். நடிப்பில் உன்னை மிஞ்ச ஆள் உண்டா?

பட்ட இடத்தை மட்டும் தேய்க்கவே மாட்டாய். பிரிஞ்சாங் திடலில் நாம் ஆடிய கடைசி ஆட்டத்தில் பந்து உன் முழங்கையில் பட்டது. அந்தச் சத்தம் எங்கள் பெஞ்சு வரை கேட்டது. டீச்சர் எழுந்து ஓடினார்.

"வலிக்குதா? வேற ஆள ஓட விடவா?"

"வலிக்கவே இல்ல டீச்சர்."

உதடு வெளுத்துப்போயிருந்தது. தேய்த்திருந்தால் உன்னை உட்கார வைத்திருப்பார். அடுத்து நான் அடித்தேன், நீ ஓடி வந்தாய், ஜெயித்தோம். எஸ்டேட் லோரியில் திரும்பும்போது, டீச்சருக்குக் கையசைத்துக்கொண்டே வந்தவள், திடல் வளைவில் மறைந்ததும் கையை என் மடியில் போட்டாய்.

"இப்ப தேய்டி."

அப்புறம்தான் அழுதாய். தேயிலைச் சரிவு முழுக்கக் கேட்கிற மாதிரி. டிரைவர் பயந்துபோய் லோரியை நிறுத்திவிட்டார்.

போன வருடம் புற்று எலும்புக்குப் போய்விட்டது என்று தெரிந்தபோது, உன் மகளுக்குக் கடைசிப் பரீட்சை. வலி தெரிந்தால் படிப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள் என்பதுதான் உன் பயமெல்லாம். "நம்ம வீட்டுல மொத டிகிரி. என்னால அது கெடக்கூடாதுடி." சனிக்கிழமை அவள் வந்தால் தலை வாரி, பொட்டு வைத்து, தலையணையில் சாய்ந்துகொண்டு வாய் ஓயாமல் பேசுவாய். அவள் கிளம்பியதும் ஆஸ்பத்திரி ஜன்னலைப் பார்த்தபடி கிடப்பாய்.

"பஸ்ஸு வளைவ தாண்டியிருக்குமா?"

"தாண்டியிருக்கும்."

"இப்ப தேய்டி."

அந்த வலிக்குத் தைலம் எங்கே கேட்கப்போகிறது? ஆனாலும் தேய்த்தேன். சில நாள் உன்மேல் பொல்லாத கோபம் வரும். பெற்ற பிள்ளையிடம் இவ்வளவு வீம்பா என்று தோன்றும். வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் பாஸானதைக் கேட்டுவிட்டுத்தான் போனாய்.

இன்று பஸ் படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"சின்னம்மா, உண்மைய சொல்லுங்க. அம்மாவுக்கு ரொம்ப வலிச்சிச்சா?"

உன் முகம், அப்படியே. ஒதுங்க இடமில்லை எனக்கு. தோளை மட்டும் லேசாகத் திருப்பிக்கொண்டேன்.

"வலிக்கவே இல்லம்மா."

நம்பினாளோ என்னவோ, சிரித்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். நானும் சிரித்தபடியே கையசைத்துக்கொண்டு நின்றேன். பஸ் வளைவைத் தாண்டியது.

அப்புறம்தான் அழுதேன்டி. நிலையமே திரும்பிப் பார்த்தது. தைலம் வைத்திருந்த அந்த அம்மா பதறிப்போய் என் பக்கத்தில் வந்து, மூடியைத் திறந்துகொண்டே கேட்டார்.

"எங்கம்மா வலிக்குது?"