செல்லையா அண்ணாச்சியின் சம்மதம்

9 ஆகஸ்ட் 1998, ஞாயிறு

இந்த வங்காள ஊரில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் புரியவில்லை, மாதம் ஒரு ஆராதனையை இங்கிலீஷில் வைக்கலாம் என்று எங்கள் தமிழ்ச் சபைக் கமிட்டியில் நான்தான் சொன்னேன். செல்லையா அண்ணாச்சி கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவர் விலகினால் பாதிச் சபையும் போய்விடும். செயலாளர் என்ற முறையில் சாயந்தரம் சமாதானம் பேச பெஹாலாவில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்த அவர் மகள் வங்காள மொழியில் உட்காரச் சொன்னாள். அண்ணாச்சியும் அவளிடம் வங்காளத்திலேயே டீ கேட்டார். எனக்குத் தைரியம் வந்தது.

"பாத்தீங்களா அண்ணாச்சி, உங்க வீட்டுலயே தமிழ் இல்லையே."

"அதத்தான் நானும் சொல்லுதேன். இவளுக்கு இங்கிலீஷும் வராது. வங்காளத்துல வையும், நானே முன்னால நிக்கேன்."

சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. எங்கள் போதகருக்கு மீன் விலை பேசுகிற அளவுக்குத்தான் வங்காளம் தெரியும். நாளைக்கு அவரிடம் நான்தான் சொல்ல வேண்டும்.