வெள்ளைக்காரச் சரஸ்வதி

6 அக்டோபர் 2024, ஞாயிறு

கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். வாரத்துக்கு ஒருமுறை போதும்.

பிரான்சில் ஏதோ ஒரு மாளிகையில் கணப்புக்கு மேலே இருந்திருக்க வேண்டியது, சிங்கப்பூர் ஆங் மோ கியோவில், எங்கள் நாலறை வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெண்கலத்தின் மேல் தங்கம். அதில் ஒரு பெண் புத்தகத்தோடு சிலையாக உட்கார்ந்திருக்கிறாள். முகமும் கையும் மங்கலான தங்கம், உடையின் மடிப்புகள் மட்டும் பளபளக்கும். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசித் தீயில் காட்டுவார்களாம். அந்தப் புகையே செய்தவர்களைக் கொன்றதாம். மாலை வெயில் படும்போது இப்போதுதான் பக்கம் புரட்டினாள் போலிருக்கும். இதைச் சொல்லிச் சொல்லி எத்தனை பேரை அறுத்திருக்கிறேன்.

வாங்கி வந்த அன்று சரசு கேட்டாள்: "ஏங்க, மணி பார்க்க போன் இருக்கு லா. இது எதுக்கு?" பிறகு அவளே வெள்ளைக்காரச் சரஸ்வதி என்று பெயர் வைத்தாள். வருகிறவர்களுக்கு என்னைவிட அவள்தான் பெருமையாகக் காட்டுவாள். காய்ந்த தூரிகையால் மட்டும்தான் தூசி தட்டுவாள். ஈரம் படக்கூடாது என்று நான் ஒருமுறை சொன்னதே அவளுக்குப் போதும்.

8 அக்டோபர், செவ்வாய்

தேக்கா மார்க்கெட்டிலிருந்து போன். பூக்கடை உமாமகேஸ்வரி. "அண்ணே, அக்கா இங்கதான் நிக்கிறாங்க. எந்த பஸ்ல வீட்டுக்குப் போறதுன்னு தெரியலங்கிறாங்க." கல்யாணமான நாளிலிருந்து அவள் போய்வரும் மார்க்கெட்.

வெயிலில் குழம்பிவிட்டது என்றாள் சரசு. நானும் வெயில் என்றே எழுதி வைக்கிறேன்.

10 அக்டோபர், வியாழன்

நாளை சரஸ்வதி பூஜை. வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பினால், சிங்க்கில் குத்துவிளக்குகளுக்கு நடுவே கடிகாரம். புளியும் கம்பி நாரும் போட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் சரசு. மூக்கு, நெற்றி, முழங்கால், புத்தகத்தின் விளிம்பு — எல்லாம் வெறும் வெண்கலம்.

கத்தினேன். அறிவிருக்கா உனக்கு? இருநூறு வருஷம்டி, ஒரு நிமிஷத்துல — வாயில் வந்ததெல்லாம்.

ஈரக்கையோடு நின்றாள். "விளக்கு தேய்க்கிறேங்க. நாளைக்குப் பூஜை லா."

பயந்துவிட்டாள் என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் கத்தினேன்.

12 அக்டோபர், சனி

பேசிக்கொள்ளவில்லை. அவளுக்குக் கோபமா? மறந்தேவிட்டாளா?

15 அக்டோபர், செவ்வாய்

ஜாலான் புசாரில் கடிகாரம் பழுது பார்க்கும் அப்துல் அஜீஸிடம் கொண்டுபோனேன். "மெஷினைக் காயவச்சு எண்ணெய் போட்டாச்சு, ஓடும். தங்கம்தான் திரும்பாது அண்ணே. புதுசா முலாம் போடலாம், கவரிங் நகை மாதிரி இருக்கும்."

வேண்டாம் என்றேன்.

4 நவம்பர், திங்கள்

மருத்துவமனை. மகள் யாமினி லீவு போட்டுவிட்டுக் கிளமெண்டியிலிருந்து வந்தாள். டாக்டர் சரசுவிடம் தாளைக் கொடுத்து ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் போட்டாள். எண்கள் எல்லாம் ஒரே பக்கம் குவிந்துகொண்டன. முள் இல்லை. பக்கத்தில் மெதுவாக, புத்தகம் வைத்திருக்கும் ஒரு பெண்ணை வரைந்தாள்.

டிமென்ஷியா. எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். யாமினி என்னைப் பார்த்தாள். தேக்கா விஷயத்தைச் சொன்னேன். சிங்க்கைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

அன்று கத்தியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவள் மறப்பதற்குள் கேட்க வேண்டும்.

18 டிசம்பர், புதன்

இன்னும் கேட்கவில்லை. மறந்திருந்தால் நல்லதுதானே, எதற்குக் கிளற வேண்டும்? — இப்படித்தான் தினமும் தப்பிக்கிறேன்.

9 மார்ச் 2025, ஞாயிறு

யாமினியை "நர்ஸ்" என்று கூப்பிட்டாள். யாமினி சிரித்துக்கொண்டே மாத்திரை கொடுத்துவிட்டு, லிஃப்டுக்குப் பக்கத்தில் போய் நின்று அழுதாள்.

சாவி கொடுக்க மறந்துவிட்டேன்.

22 ஏப்ரல், செவ்வாய்

கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு, "சரசு, அன்னைக்கு அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. மன்னிச்சிரும்மா" என்றேன். கையை மெல்ல உருவிக்கொண்டாள். "யாரு சார் நீங்க? எங்க வீட்டுக்காரர் வெளிய போயிருக்காரு."

6 ஜூன், வெள்ளி

காலையில் கடிகாரத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சார், கொஞ்சம் புளி கிடைக்குமா? எங்க வீட்டுக்காரருக்கு இதுன்னா உசுரு. நான் சரியா தேய்க்கலன்னு ஒருநாள் ரொம்ப சத்தம் போட்டாரு. அவரு வர்றதுக்குள்ள பளிச்சுன்னு ஆக்கிடணும்."

என் பெயர் போய்விட்டது. யாமினியும் அவள் நினைவிலிருந்து போய்விட்டாள். அன்று நான் கத்தியது மட்டும் இருக்கிறது.

"அவர் இனிமே திட்ட மாட்டாரும்மா" என்றேன்.

"உங்களுக்கு அவரைத் தெரியாது சார்."

மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுப் புளி ஊற வைத்தேன். கம்பி நாரையும் எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கை வலிக்கிறது என்று என்னிடம் கொடுத்துவிட்டாள். கன்னத்தில் மட்டும் சிறிது தங்கம் மிச்சமிருந்தது. அங்கே அழுக்கு போகவில்லை பாருங்கள் என்று காட்டினாள்.

தேய்த்தேன்.