மீனுக்கு ஒரு சைகை

எடிசன், நியூ ஜெர்சி
டிசம்பர் 2002

அன்பு மனைவி மெஹர் நிஷாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மலீஹாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். பெருநாள் நீயில்லாமல் போயிற்று. மாமா, மாமிக்கு என் சலாம் சொல். போனில் பேச முடியாத விஷயம், அதனால்தான் எழுதுகிறேன். இப்போதெல்லாம் நம் லைனில் நடுவே 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. காலிங் கார்டு கோளாறு என்கிறான் என்னோடு வேலை செய்யும் அல்தாப். அவன் எதையும் நம்புவான், எனக்கு யாரோ ஒட்டுக்கேட்பதாகத்தான் படுகிறது.

விஷயம் மலீஹாவின் பள்ளிக்கூடம். போன வருஷம் அந்த செப்டம்பருக்குப் பிறகு பழைய ஸ்கூலில் பிள்ளைகள் அவளைப் படுத்திய பாட்டைப் பார்த்து, கன்னியாஸ்திரிகள் பள்ளியில் சேர்க்கலாம் என்றது நீதான். நான் அப்போதே முணுமுணுத்தேன்.

இப்போது பிள்ளை சாப்பாட்டு மேசையில் வாயே திறப்பதில்லை. எல்லாம் கைச்சைகை. மீன் வேண்டுமென்றால் உள்ளங்கையை மீன்வால் போல ஆட்டுகிறாள். ரொட்டிக்கு இரண்டு கை விரல்களையும் சேர்த்து ஒரு வட்டம். பாலுக்குச் சுண்டுவிரலை உதட்டில் வைக்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தது என்றால் 'சிஸ்டர்' என்று ஒரே வார்த்தை, அதுவும் தட்டைக் கழுவி வைத்த பிறகு. மதம் மாற்றுகிறவர்கள் முதலில் வாயைத்தான் கட்டுவார்கள் என்று எனக்குப் பட்டது. அல்தாபிடம் சொன்னேன். எதையும் நம்புகிறவன் இதையும் நம்பிவிட்டான். "பாய், ஸ்லோவா ப்ரெயின்வாஷ் பண்றாங்க, உடனே ஸ்கூலை சேஞ்ச் பண்ணுங்க" என்று ஓக் ட்ரீ ரோடு கடையில் எல்லோர் காதிலும் விழச் சொன்னான்.

நேற்று இதுவரை எழுதி வைத்திருந்தேன். இன்று லீவு போட்டுவிட்டு, அவளுடைய டீச்சர் சிஸ்டர் மார்கரெட்டைப் பார்க்கப் போனேன். சண்டை போடத்தான் போனேன். டீ கொடுத்தார், குடிக்கவில்லை.

ஆயிரம் வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் துறவி மடங்கள்தான் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாம். மணியடித்து வேளை பிரிப்பதெல்லாம் அங்கே பழகியதுதான் என்றார். சாப்பிடும்போது ஒருவர் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் பேசாமல் கேட்க வேண்டும், வேண்டியதைக் கையால் கேட்க வேண்டும். பொருள் தெரியுமுன்பே வேதப் பாடல்களை மனப்பாடம் செய்ய வேண்டும். சின்ன வயதில் நான் குர்ஆன் ஓதப்போன இடமும் ஓதிக்கொடுத்த லெப்பையின் பிரம்பும் ஞாபகம் வந்தன. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. வரலாற்றுப் பாடத்துக்காக ஒரே ஒரு மதியச் சாப்பாட்டை அப்படி நடத்தினாராம், அதுவும் தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு முன்பே முடிந்துவிட்டதாம். மலீஹா வீட்டில் இன்னுமா செய்கிறாள் என்று அவரே என்னைத் திருப்பிக் கேட்டார். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை.

வரும் வழியில் காரில் மலீஹாவிடம் கேட்டேன். ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: அந்தக் காலத்தில் சில பெற்றோர் சின்னப் பிள்ளைகளைக் கொண்டுவந்து மடத்துக்கே கொடுத்துவிடுவார்களாம். கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்ப அழைத்துப்போக வரமாட்டார்களாம். சொல்லிவிட்டு, "வாப்பா, 'ஒப்படைச்சுட்டேன்' மீன்ஸ் கிவன் அவே, ரைட்?" என்று கேட்டாள்.

நீ ஊருக்குக் கிளம்பிய அன்று பள்ளி வாசலில் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ளைய உங்ககிட்ட ஒப்படைச்சுட்டேன்" என்று அழுதாயே. சிஸ்டருக்குத் தமிழ் தெரியாது. பிள்ளைக்குப் பாதி தெரியும். அங்கேயே இருக்கவேண்டி வந்தால், கேட்கத் தெரியாமல் பசியோடு கிடக்கக்கூடாது என்று வீட்டில் பழகிப் பார்த்திருக்கிறாள், மெஹர். நான் காரை ஓரம்கட்டிவிட்டு அழுதேன்.

அப்படியில்லை, உம்மா வருவாள் என்றேன். எப்போது என்று கேட்டாள். காரைக் கிளப்பினேன்.

தங்கச்சி கல்யாணத்துக்கென்று போனாய். விசா ஸ்டாம்பிங்கில் செக்கிங் நடக்கிறது என்கிறாய். நம் பெயர்களுக்கு அது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் கான்சலேட்டில் என்ன சொன்னார்கள் என்று முன்பெல்லாம் நீயே சொல்வாய். இப்போது நான் கேட்டால் உன்னோடு பிறந்த காக்கா போனை வாங்கிக்கொள்கிறார். உங்கள் ஊர் வழக்கத்தில் பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளைதான் வந்துபோகிறவன். அதைத் தெரிந்துதான் கட்டினேன். எடிசனுக்கும் அந்த வழக்கம் உண்டா என்று மட்டும் தெரியவில்லை.

என்னிடம் எதை மறைத்தாலும் பொறுத்துக்கொள்கிறேன். எப்போது வருவாய் என்று மலீஹாவுக்கு நீயே உன் கையால் எழுது. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். என் வாயால் அவளிடம் பொய் வாசிக்க வைத்துவிடாதே. அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தைத் தரட்டும்.

உன்
பாரூக்