சேத்துப்பள்ளத்தை வடித்த மச்சானுக்கு

என் பாசத்துக்கும் வசவுக்கும் உரிய மச்சான் வேலாண்டிக்கு,

எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல டீக்கடை காதர் பாய் எழுதுகிறார். உன்னைத் திட்டுகிற இடம் வந்தால் பேனாவை நிறுத்திவிடுகிறார். "செத்த மனுசன வையாதீங்கண்ணே" என்கிறார். வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம் நடக்கும்போது இதை அவர் கடைச் சுவரில் ஒட்டப்போகிறோம்.

நீ போய் மூன்று கோடை ஆகிறது. போன கோடையில் நம் ஓடை வற்றியது. இந்தக் கோடையிலும் வற்றிவிட்டது. பேத்துப்பாறைக்குத் தண்ணீர் லாரியில் வருகிறது மச்சான். காட்டுமாடு பட்டப்பகலில் இறங்கி வந்து தொட்டியில் வாய் வைக்கிறது. உன் தங்கச்சி குடத்தோடு ஒரு பக்கம் நிற்கிறாள், அது மறுபக்கம் நிற்கிறது. யார் யாருக்கு வழிவிடுவது?

மேலே ரிசார்ட்டில் மட்டும் புல்தரை பச்சையாகக் கிடக்கிறது. வரவேற்பறையில் உன் படம் தொங்குகிறது. கீழே 'மலையின் மைந்தன்' என்று எழுதியிருக்கிறதாம். மைந்தன் பார்த்த வேலையை எழுதவில்லை. அதை நான் சொல்கிறேன்.

அந்தப் புல்தரை முன்பு சேத்துப்பள்ளம். நாமெல்லாரும் அதைக் கரித்துக்கொட்டினோம். மாடு இறங்கினால் கயிறு கட்டி இழுக்க வேண்டும். என் செவலைப் பசு அதில் புதைந்துதான் செத்தது. ரிசார்ட்டுக்குக் கூடாரம் போட இடம் தேடிக் கம்பெனிக்காரர்கள் வந்தபோது நீதான் கூட்டிப்போய்க் காட்டினாய். "மாப்ள, வெள்ளனே வந்துரு, இந்தச் சனியன வடிச்சு விட்டுருவோம்" என்றாய். இரண்டு பேரும் மண்வெட்டியோடு போய் வாய்க்கால் வெட்டினோம். மொத்தத் தண்ணீரும் சரிவில் இறங்கி ஓடியது. அன்றைக்கு எனக்கும் சந்தோசம்தான்.

மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, கோடை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விட்டது அந்தச் சேறுதான் என்று நமக்கு அப்போது தெரியவில்லை. பிறகு தெரிந்தது. ஓடை மெலிந்ததும் உன்னிடம் வந்து, வாய்க்காலை மூடிவிடுவோமா என்று கேட்டேன். "விருந்தாளிக வந்து தங்கியிருக்காக. இப்பப் போயி சேறாக்கச் சொல்றியா?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது அவர்களுக்கு மேல்பள்ளமும் வேண்டுமாம். நமக்கு மிச்சம் இருக்கிற ஒரே சேறு அது. வெறும் தரிசு என்று, ஊருக்கு மூத்தவன் நான் கைநாட்டு வைக்க வேண்டுமாம். மேனேஜர் வீட்டுக்கே வந்தான்.

"தாத்தா, இது எக்கோ டூரிசம். மூங்கில் குடிசை, மண் சுவர், சோலார். இயற்கைக்கு ஒண்ணும் ஆகாது."

"செவுரு மண்ணு, சரி. குளிக்கத் தண்ணி?"

"போர் போடுவோம்."

"போருக்குள்ள தண்ணி ஒங்கப்பன் வீட்டுலருந்தா வரும்?"

இங்கே பாய் பேனாவை நிறுத்தினார். "எழுதுங்க பாய், அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னதுதான்" என்றேன்.

வருகிறவர்களை வராதே என்று நான் சொல்லவில்லை. காரைக் கீழே நிறுத்து. நடந்து வா. எங்கள் வீட்டில் தங்கு, எங்கள் சோற்றைச் சாப்பிடு. கொண்டுவந்த பாட்டிலைக் கையோடு கொண்டுபோ. பள்ளத்தைக் கரையில் நின்று பார். இதற்கு மேல் இந்த மலை தாங்காது.

உன் மகன் முருகேசன் அங்கேதான் ஜீப் ஓட்டுகிறான். நேற்று வந்தான்.

"மாமா, கைநாட்டு வைக்காட்டிப் போங்க. அப்பா வாய்க்கா வெட்டுனத மட்டும் கூட்டத்துல சொல்லிராதீங்க. எங்களுக்கு மிச்சம் அவரு பேரு ஒண்ணுதான்."

அவனுக்கு உன் கண். அவன் போனதும், சொல்லட்டுமா என்று உன் தங்கச்சியிடம் கேட்டேன். "எங்கண்ணன் பேர வச்சு ஒல வைக்க முடியுமா? சொல்லுங்க" என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை கைநாட்டு வைக்கமாட்டேன். கூடாரத்தை எடு, வாய்க்காலை மூடு என்று கேட்பேன். ஓடையைக் கொன்றது யார் என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். வேலாண்டி என்று சொல்வேன். முருகேசன் தலைகுனிவான், தெரியும். அதே மூச்சில், கூட நின்று வெட்டியவன் நான் என்றும் சொல்வேன். உன்னைத் தனியாக நிறுத்தமாட்டேன் மச்சான்.

உன் தங்கச்சியைக் கட்டிய,
உன்மேல் கோபம் ஆறாத மாப்பிள்ளை
சடையன், பேத்துப்பாறை