ராஜாவுக்கு ஒரு வெள்ளி நாற்காலி

ஹெப்பாள், மைசூரு
24.9.2025

பரத்வாஜுக்கு,

உன் எண்ணை நான் தடை செய்திருப்பதால் கடிதம். உங்கள் வீட்டுக் கொலுவைப் பேப்பரில் பார்த்தேன். மேல்படியில் விரல் உயர வெள்ளி ஊஞ்சல், கட்டில், மேஜை, இரண்டு நாற்காலி. "நாலு தலைமுறையா எங்காத்துல இருக்கு" என்று உன் அம்மா சொல்லியிருக்கிறார். அவை நம் கல்யாணத்துக்கு என் அப்பா செய்யச் சொன்னவை. ஒவ்வொன்றின் அடியிலும் என் பெயர் வெட்டியிருக்கும். கல்யாணமாகி நாலு வருஷம்தான். உங்கள் வீட்டில் தலைமுறைகள் வேகமாக நடக்கின்றன.

உங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மரப்பாச்சி ராஜா ராணியை மட்டும் எடுத்துப்போக விட்டீர்கள். சாமான்களையும் அனுப்பு.

மேகனா

சரஸ்வதிபுரம்
26.9.2025

அன்புள்ள மேகனா,

நலம். நீயும் நலம் என்று உன் கோபத்தில் தெரிகிறது. நிருபர்தான் தப்பாகப் போட்டுவிட்டார். அம்மா சொன்னது அஞ்சு தலைமுறை.

செவ்வாய்க்கிழமை கொலுப் போட்டி நடுவர்கள் வருகிறார்கள். அதுவரை எதையும் எடுக்கக் கூடாதாம். பேசாமல் ராஜா ராணியோடு நீயே வந்துவிடேன். வருகிறவர்களிடமெல்லாம் "மேகனா வெளியூர்ல இருக்கா" என்று சொல்லி அம்மாவுக்கு வாய் வலிக்கிறது.

உன்
பரத்வாஜ்

ஹெப்பாள்
27.9.2025

பரத்வாஜுக்கு,

ஹெப்பாள் வெளியூர் அல்ல. சரஸ்வதிபுரத்திலிருந்து சிட்டி பஸ் வருகிறது.

வருகிறேன். ஒன்றே ஒன்று செய். அந்தப் படியில் ஒரு சீட்டு வை: "மேகனாவுடையது." உன் கையெழுத்தில் இருக்கட்டும். அதைப் பார்த்தால் பெட்டியோடு வருவேன்.

மேகனா

சரஸ்வதிபுரம்
5.10.2025

அன்புள்ள மேகனா,

முதல் பரிசு கிடைத்தது. ஐந்து உருப்படியும் கூரியரில் வருகின்றன.

சீட்டுக்கு அம்மா ஒப்பவில்லை. நடுவர்கள் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தால் சங்கடம் என்று அடியிலிருந்த பெயரையும் பட்டறையில் தேய்க்க வேண்டியதாயிற்று. மேலே ஒன்றும் தெரியாது. பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. எப்போது வருகிறாய்?

உன்
பரத்வாஜ்

ஹெப்பாள்
9.10.2025

பரத்வாஜுக்கு,

ஐந்தும் வந்தன. பெயர் இருந்த இடம் வழுவழுவென்று இருக்கிறது. நல்ல வேலைக்காரர். பட்டறைக்கு யார் எடுத்துப்போனார்கள் என்று நீ எழுதவில்லை. உன் அம்மாவுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது.

இதோடு விவாகரத்து மனு இருக்கிறது. என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். இதைத் தேய்த்தால் காகிதம் கிழியும்.

ராஜாவையும் அனுப்புகிறேன். நாற்காலி தேவைப்படாது, அவருக்கு முட்டி மடங்காது. உன் அம்மா வைத்த இடத்தில் நிற்பார்.

மேகனா