பல் டாக்டரிடமிருந்து ஓடிப்போனவருக்கு

என்னங்க,

போன மாதம் ஆஸ்பத்திரியில் நிரப்பச் சொல்லி மாலினிக்கு ஒரு பாரம் கொடுத்தார்கள். நம் மகளுக்கு ஆபரேஷன் செய்து பிள்ளை எடுக்க நாள் குறித்திருந்தார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்களாம், ஆள் முழித்துக்கொண்டேதான் இருப்பாளாம். பாரத்தில் ஒரு கேள்வி: குடும்பத்தில் யாருக்காவது மரத்துப்போகும் ஊசியால் பிரச்சினை வந்ததுண்டா? உங்கள் மகள் யோசிக்கவே இல்லை, 'இல்லை' என்று போட்டுவிட்டாள். எனக்கோ உடனே உங்கள் முகம் வந்துவிட்டது, கழுத்தில் பல் டாக்டர் கட்டிவிட்ட நீலத் துண்டோடு. அங்கேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

மயக்க மருந்து டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான். மாலினியைவிட நாலைந்து வயது கூட இருக்கும். என்ன ஆன்ட்டி சிரிக்கிறீங்க என்று கேட்டார். என் வாய் சும்மா இருக்குமா? எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்கிற கதையை அவரிடமும் எடுத்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரியாத கதையா? டத்தோ கிராமாட்டில் நம் வீட்டுக்குப் பின் தெருவில் ஒரு சீன டாக்டரிடம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனோம். ஒரு ஊசி போட்டார், காத்திருந்தார், பல்லைத் தொட்டார். நீங்கள் துள்ளினீர்கள். இன்னொன்று போட்டார். மறுபடியும் துள்ளினீர்கள். இதற்குமேல் வலிக்க வழியே இல்லை, எல்லாம் மனசுதான் என்று அவர் மலாய் மொழியில் சமாதானம் சொன்னார். மூன்றாம் முறை இடுக்கி பட்டதும் எழுந்தீர்கள் பாருங்கள்! நீலத் துண்டு காற்றில் ஆட, வெறுங்காலோடு ரோட்டைக் கடந்து, எதிரே இருந்த காப்பிக் கடையில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். நான் உங்கள் சிலிப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தேன். கடையில் இருந்தவர்கள் பார்த்த பார்வையில் எனக்கு மானமே போய்விட்டது.

இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் எல்லோரையும்விட நீங்கள்தான் சத்தமாகச் சிரிப்பீர்கள். எழுந்து ஓடியும் காட்டுவீர்கள். கூட்டம் கலைந்தபிறகு மட்டும், என் பக்கம் குனிந்து ஒன்று சொல்வீர்கள்.

"ஆனா நெசமாவே வலிச்சதும்மா."

ஆமாமா, வலிச்சது, வலிச்சது என்று சொல்லிவிட்டு நான் பந்திக்குப் போய்விடுவேன்.

அப்போதே என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். ஜுருவில் கார்ப் பட்டறையில் வேலை பார்த்தவர் நீங்கள். தகரம் கையைக் கிழித்தால் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு சாயங்காலம்வரை வேலை செய்துவிட்டு வருவீர்கள். அப்படிப்பட்ட மனுஷனா ஒரு பல்லுக்குப் பயந்து ஓடுவார்? மாலினிக்குப் பன்னிரண்டு வயதில் அதே நாற்காலியில் சொத்தைப்பல் அடைக்கப் போனபோது, ஊசி போட்ட பிறகும் வலிக்கிறது என்று அவள் அழுதாள். அப்பா மாதிரியே நடிக்காதடி என்று நான் அதட்டினேன். நீங்கள்தான் குறுக்கே நின்று, அவள் சொன்னால் வலிக்கிறது என்றுதான் அர்த்தம், இன்னும் கொஞ்சம் மருந்து போடுங்கள், எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறோம் என்று டாக்டரிடம் சொன்னீர்கள். பிள்ளைக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீர்கள் என்று வீடு வந்து சேரும்வரை உங்களோடு மல்லுக்கு நின்றேன்.

மயக்க மருந்து டாக்டர் என் கதைக்குச் சிரிக்கவில்லை. அங்கிளுக்கு மூட்டெல்லாம் ரொம்ப வளையுமா என்று கேட்டார். வளையுமாவா! தீபாவளிக்குத் தீபாவளி நம் வீட்டுக்கு வருகிற பிள்ளைகளெல்லாம் உங்களைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, கட்டைவிரலை வளைத்து முன்கையில் ஒட்டவைக்கச் சொல்லிக் கேட்பார்களே. அதைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த மாலினி தன் கட்டைவிரலை வளைத்து முன்கையில் ஒட்டிக் காட்டினாள்.

"பயம் இல்ல ஆன்ட்டி, உடம்பு வாகு," என்றார் டாக்டர். "இப்படி வளையறவங்கள்ல சில பேருக்கு மரத்துப்போற ஊசி சரியாப் பிடிக்காது, பிடிச்சாலும் சீக்கிரம் எறங்கிடும். ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியல. ரத்தத்துல வர்றதுதான். அங்கிள் பொய் சொல்லல."

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. மாலினிக்கு முகமே வெளுத்துவிட்டது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கத்தி வச்சப்புறம் வலிக்குதுன்னு சொன்னா யாரும்மா நம்புவாங்க?"

அவளை அதட்டிய வாய்தானே என்னுடையது.

ஆபரேஷன் அன்று மருமகன் உள்ளே போனார், நான் வெளியே நடந்துகொண்டே இருந்தேன். உள்ளே நடந்ததைப் பிறகு மாலினிதான் சொன்னாள். முதுகில் ஊசி போட்டு, தேவைப்பட்டால் இன்னும் மருந்து ஏற்ற மெல்லிய குழாய் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். அப்புறம் மரத்துவிட்டதா என்று பார்க்க வயிற்றில் ஐஸைத் தேய்த்துக் கேட்டிருக்கிறார்கள். வலப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை, இடப்பக்கம் ஜில்லென்று இருந்ததாம். அப்படியே சொன்னாளாம். கை படுவதுதான் அப்படித் தெரியும் என்று ஒரு நர்ஸ் ஆரம்பிக்க, டாக்டர் பொறுங்க என்று நிறுத்தி, குழாயில் இன்னும் மருந்து ஏற்றிக் காத்திருந்தாராம். மறுபடி ஐஸ். இன்னும் லேசாக ஜில்லென்று இருக்கிறது என்றாள். மறுபடி காத்திருந்தார்கள். அதற்கடுத்த தடவை அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதன் பிறகுதான் கத்தியை எடுத்தார்கள். பிள்ளையை வெளியே எடுக்கும்போது உங்கள் மகள் மீன்தலைக் கறி எங்கே நன்றாக இருக்கும் என்று டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தாளாம். பேச்சில் யார் பிள்ளை என்று கேட்கவா வேண்டும்!

பேத்திங்க. மூக்கு உங்கள் மூக்கு. கத்துகிற கத்தலில் வார்டே எழுந்துவிடுகிறது.

மாலினியைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுவந்தபோது என்னைத் தேடிப் பார்த்தாள்.

"சொன்னேன்மா. நம்பினாங்க."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. நீங்கள் கண்ணை மூடிய இந்த மூன்று வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

இப்போதும் உங்கள் கதையைச் சொல்கிறேன், விடவில்லை. சிலிப்பரோடு நான் ஓடியது உட்பட எல்லாம் உண்டு. ஆனால் கடைசியில், அவருக்கு நிஜமாகவே வலித்தது என்று நானே சொல்லி முடிக்கிறேன். யாராவது வலிக்கிறது என்றால் முன்பு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்பேன். இப்போது எங்கே, எப்படி வலிக்கிறது என்று உட்கார்ந்து கேட்கிறேன். உங்களிடம்தான் ஒரு தடவைகூட அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் விடாமல் சொல்லியிருப்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டு இருந்திருப்பேன்.