ஒரு மணி நேர முறை

மார்ச் 12, புதன். சங்கரன்கோவில்.

துபாயிலிருந்து திருவனந்தபுரம் வரும் விமானத்தில் முன் இருக்கைக்காரர் எடுத்த எடுப்பிலேயே இருக்கையைச் சாய்த்துவிட்டார். ஆபரேஷன் செய்த என் முழங்கால் நசுங்கியது. இருமிப் பார்த்தேன். இருக்கையை லேசாக அசைத்தேன். பயனில்லை.

எங்கள் வீட்டில் யாருக்கும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை. சித்தப்பாவோடு பங்காக உள்ள கூட்டுக் கிணற்றில், தண்ணீர் பாய்ச்ச எங்கள் முறை வரும் நாளில் சித்தப்பா மோட்டாரை நிறுத்தாவிட்டால், அப்பா பேசாமல் திரும்பி வந்துவிடுவார்.

அரை மணி நேரம் பொறுத்தேன். பிறகு அவர் தோளைத் தொட்டேன். ஏறும்போது அவர் போனில் பேசியதிலிருந்தே, எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கரிவலம் ஆள் என்று தெரியும்.

"அண்ணாச்சி, ஆபரேஷன் பண்ணுன காலு. கொஞ்சம் நிமுத்துங்க."

"எனக்கும் இடுப்பு வலிக்குல்லா. சாயுததுக்குத்தானவே பட்டன் வச்சிருக்கான்?"

"அப்போ முறை வச்சுக்கிடுவோம். ஒங்களுக்கு ஒரு மணி நேரம், எனக்கு ஒரு மணி நேரம்."

திரும்பிப் பார்த்தார். "இது என்ன கூட்டுக் கிணறாவே?" சிரித்தபடி நிமிர்த்தினார்.

ஒரு மணி நேரம் முடிந்ததும் நானே தட்டிச் சொன்னேன், "ஒங்க முறை." அவருடைய மணி நேரம் முடிந்ததும், நான் கேட்காமலே நிமிர்த்தினார்.

வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தலை தூக்கினார்.

"கேட்டதும் நிமுத்திட்டானா?"

"ஆமாப்பா."

கை கழுவிவிட்டுச் சித்தப்பாவுக்குப் போன் போட்டார். "ஏலே, காலைல ஆறு மணிக்கு எம் முறை. மோட்டார நிறுத்திரு."

காலையில் அப்பாவோடு நானும் கிணற்றுக்குப் போகிறேன். கால் வலிக்கத்தான் செய்கிறது. வலிக்கட்டும்.